குளிர் வெளியே போகாத அறை

எங்கள் ஊரில் யாராவது ஏசி வாங்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் ஒருவன் நாகநாதன் பேச்சை எடுத்துவிடுவான். "அந்தப் பெட்டிதானப்பா அவரு மகளக் கொன்னுச்சு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டி யாரையும் கொல்லவில்லை. நாகநாதன் என் அக்கா முருகேஸ்வரியின் புருஷன், எனக்கு மச்சான். நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். ஆளாளுக்கு ஒன்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

மச்சானுக்குக் கரிமூட்டத் தொழில். திருவாடானையைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வேலிக்கருவைதான். அதை வெட்டிக் குவித்து, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்தால் நாள்கணக்கில் புகைந்து கரியாகும். மூட்டத்தில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்தாலும் போச்சு, காற்றுப் புகுந்து கட்டையெல்லாம் சாம்பலாகிவிடும். எழுபத்துநாலில், மீசை முளைக்கும் முன்னாடியே, அவருடைய அய்யாவோடு இந்த வேலைக்குப் போனவர் மச்சான். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து அடைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கல்யாணமான புதிதில் இருவரும் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். மேலே சித்திரை வெயில், பக்கத்தில் மூட்டத்துச் சூடு. முதல் பிள்ளை, ஆண் பிள்ளை, அந்தக் கொட்டகையில்தான் செத்துப்போனது. வயிற்றால் போய் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று நர்சம்மா சொன்னார். மச்சான் அதைக் காதில் வாங்கவே இல்லை. "எம்புள்ள வெந்து செத்துச்சு மாப்ள" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு வெக்கை மேல் கோபம். ஒரு மனுஷன் பங்காளியோடு பகை கொண்டாடிப் பார்த்திருக்கிறேன், கோடையோடு பகை கொண்டாடியவர் இவர் ஒருத்தர்தான்.

அப்புறம் பூமயில் பிறந்தாள். அவளுக்காகவே காரை வீடு கட்டினார், மின்விசிறி மாட்டினார். புது விசிறி வந்த அன்று ஊரே வேடிக்கை பார்க்கட்டும் என்று நடுப்பகலில் எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு முழு வேகத்தில் சுழலவிட்டார். வெளியில் இருந்த அனலை அது அள்ளி அள்ளி எங்கள் தலையில் கொட்டியது. "மச்சான், இதுக்கு மூட்டத்து மேலயே படுத்துக்கலாம்" என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் மனுஷன் விடவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஜன்னலையெல்லாம் சாத்தி, பொழுது சாய்ந்த பிறகு திறக்கக் கற்றுக்கொண்டார். மேசை விசிறியை மேற்கு ஜன்னலில் வெளியே பார்த்து வைத்து வீட்டுச் சூட்டைத் துரத்தினால், கிழக்கு ஜன்னல் வழியாகக் கடற்காற்று தானாக உள்ளே வரும் என்று கண்டுபிடித்தார். வருஷாவருஷம் பங்குனியில் மொட்டைமாடிக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடிப்பார். பூமயிலுக்கு வேர்க்குரு வந்து நான் பார்த்ததில்லை.

அவளைத் தேவிபட்டினத்துச் சேதுராமனுக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டாயிரத்து ஆறில் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பேறுகாலம் சரியாக அக்கினி நட்சத்திரத்தில் விழுந்தது. மச்சானுக்குத் தூக்கம் போய்விட்டது. "இந்தப் புள்ளையையும் வெக்கைக்குக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லி ஏசி வாங்கிவிட்டார்.

மாட்டிக்கொடுக்க வந்தவர் கீழக்கரை சதக்கத்துல்லா பாய். துபாயில் பல வருஷம் இதே வேலை பார்த்தவர். மாட்டி முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இருபத்தாறுல வைங்க, அதுக்குக் கீழ இறக்காதீங்க. கூடவே மேல் விசிறியச் சின்னதா ஓடவிட்டா அந்தக் குளிர் மூலை முடுக்கெல்லாம் போகும், கரண்டும் மிச்சம். மேற்கு ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்க. முக்கியமா, சந்து பொந்து இல்லாம அடைச்சிருங்க. குளிர் வெளிய போனா எல்லாம் வீண்."

அடைப்பது! இதை யாரிடம் வந்து சொல்கிறார்? மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே இருந்த காற்றுப்போக்கியில் செங்கல் வைத்துப் பூசினார். ஜன்னல் இடுக்குகளில் பஞ்சும் மெழுகும் திணித்தார். கதவுக்குக் கீழே பழைய சேலையைச் சுருட்டி ஆணியடித்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக ஓட்டை தேடினார். பாய் திரும்ப வந்து பார்த்துச் சிரித்தார். "நாகநாதன், துபாய்ல கூட இப்படி ஒரு ரூம் நான் பார்க்கல" என்றார். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அக்காவுக்கும் மச்சானுக்கும் சண்டை மூண்டது.

"பச்ச ஒடம்புக்காரியக் குளுருல போட்டா ஜன்னி கண்டுரும். எங்கனயாவது இப்படி நடக்குமா? நாங்கல்லாம் தணல் காஞ்சுதான் தேறுனோம்" என்றாள் அக்கா.

"தணல் காஞ்சு தேறுன லட்சணம் தெரியாதா? மொதப் புள்ள எங்க போச்சு?" என்றார் மச்சான்.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கடைசியில் பூமயில்தான் நடுவில் வந்தாள். ஏசியும் ஓடட்டும், கட்டிலுக்கு அடியில் தணல் சட்டியும் இருக்கட்டும் என்றாள். இரண்டு பேருக்கும் அது சரியாகப்பட்டது. புகை வந்தால் பிள்ளைக்கு ஆகாது என்பதற்காக மச்சான் தன் மூட்டத்திலிருந்து நன்றாக வெந்த கரியாகப் பொறுக்கிக் கொண்டுவந்தார். வெளியில் வைத்து நன்றாகக் கனிய விட்டு, பொட்டுப் புகை இல்லாமல் அக்கா உள்ளே எடுத்துப்போவாள். "மேல சில்லுன்னு இருக்கு, கீழ வெதுவெதுன்னு இருக்கு. ராணி மாதிரி இருக்கேன் மாமா" என்று பூமயில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

முதலில் சொந்தபந்தங்கள் பிள்ளை பார்க்க வந்துபோய்க்கொண்டே இருந்ததால் கதவு திறந்து மூடியபடியே இருந்தது. கூட்டம் குறைந்ததும் பூமயில் தலை பாரமாக இருக்கிறது, குமட்டுகிறது என்றாள். குளிர்தான் ஏறிவிட்டது என்று அக்கா சட்டியில் இன்னும் கொஞ்சம் கரி போட்டாள். என்ன செய்வது, பெற்றவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அப்படி ஒரு நாள் காலையில் அக்கா அவளைக் குளிப்பாட்டி, சோறு கொடுத்து, தணல் வைத்துப் படுக்கப்போட்டாள். குழந்தை சிணுங்கியது. மகள் தூங்கட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். போகும்போது கதவை நன்றாக இழுத்துச் சாத்தினாள். நடுவில் அழுத பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிச் சமாளித்துவிட்டு, பால் கொடுக்கச் சாயங்காலம் எழுப்பப் போனபோது பூமயில் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வேனில் தூக்கிப்போனோம். டாக்டர் பார்த்தார், உயிர் போய்விட்டது என்றார். அப்புறம் மச்சானைக் கூப்பிட்டு, அறையில் நெருப்பு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

"இருந்துச்சு சார். ஆனா புகையே கெடையாது. எங்க மூட்டத்துக் கரி" என்றார் மச்சான். அந்த நேரத்திலும் அவர் குரலில் கரியைப் பற்றிய பெருமை இருந்தது.

"புகை இருந்திருந்தா இருமியாவது எந்திரிச்சிருக்கும்யா" என்றார் டாக்டர். அடைத்த அறையில் கரி கனிந்தால் ஒரு விஷவாயு வருமாம். மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் கலந்து ஆளைத் தூக்கத்திலேயே சாய்த்துவிடும், உதடெல்லாம் சிவந்துபோகும். "மத்தியானமே யாராவது கதவத் திறந்து விட்டு வெளிய தூக்கிப் போட்டிருந்தாப் பொழைச்சிருக்கலாம்" என்றார்.

பாய் ஓடி வந்தார். "ஏசி ஓடுற ரூம்ல நெருப்பு வைப்பாங்கன்னு நான் எப்படிய்யா நெனைப்பேன், யா அல்லாஹ்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் என்ன தப்பு? சேதுராமன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேவிபட்டினம் போனான்.

அக்கா தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். நெருப்பு வைத்தவள் நான், நான்தான் கொன்னேன் என்று சுவரில் முட்டிக்கொள்வாள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இல்லடி, அடைச்சது நானு" என்பார். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். மேலுக்கு முடியாமல் படுத்தார்.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் ஒரு நாள், அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாப்ள, அன்னிக்கு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தேன்டா."

எனக்குப் புரியவில்லை. எப்போது என்று கேட்டேன்.

"மூட்டத்துல இருந்து கஞ்சி குடிக்க வந்தேன். ஒங்கக்கா பின்னால இருந்தா, என்னையப் பாக்கல. மக எப்படித் தூங்குதுன்னு கதவ லேசாத் தெறந்து பாத்தேன். நல்லா அசந்து தூங்குது. ஒதடு செவசெவன்னு இருக்கு. பேறுகாலத்துக்காரியில்ல, சோறு தின்னுட்டு வெத்தல போட்டிருக்குன்னு நெனைச்சேன். பாக்க அம்புட்டு அழகா இருந்துச்சு. குளுரு போயிரும்னு கதவ மெதுவா சாத்திட்டு வந்துட்டேன்டா."

சொல்லிவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆடியில் அவரும் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.