அவர் நடந்த தளம்

மைசூரில் எங்கள் வீட்டின் பின்புறம் இருந்த நீச்சல் தொட்டி பதினான்கு அடி நீளம், எட்டு அடி அகலம். நீந்துவதற்காகக் கட்டியதல்ல. பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் தண்ணீருக்குள் நடந்து பழக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார், அதனால் கட்டினோம். தண்ணீர் இடுப்பளவுதான். கால் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸை அவரே தேர்ந்தெடுத்தார். தினமும் காலையில் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நடப்பார். நான் கரையில் உட்கார்ந்து அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். செய்தித் தலைப்பு பிடிக்காவிட்டால் தண்ணீரைக் கையால் அறைவார். என் புடவை நனையும்.

அவர் போன பிறகு இரண்டு வருடம் தொட்டியில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகியது. மூடிவிட்டு அங்கே ஒரு பலாக்கன்று வைப்பதென்று முடிவு செய்தேன்.

மண் வேலைக்கு வந்தவர் ஹனூர்க்காரர், கொங்குத் தமிழ் பேசுபவர். சுவர்களை இரண்டடி ஆழத்துக்கு உடைத்துவிட்டு, தளத்தில் துளையிடும் இயந்திரத்தை வைக்கப் போனார்.

“அடியை உடைக்காதீங்க,” என்றேன்.

“ஏனுங்க்கா? தண்ணி கீழ எறங்க வழி வேணுமுங்களே.”

“பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும்.”

அவர் சுவரைப் பார்த்தார். அது இருபதடி தள்ளி இருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் பிறர் சொன்ன காரணங்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் நடந்த தளம் மண்ணுக்குக் கீழேயாவது முழுசாக இருக்கட்டும் என்பதுதான் என் உண்மையான காரணம்.

“சரிங்க்கா, உங்க வூடு,” என்றார். செம்மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, நீர் தெளித்து, இடித்து இறுக்கினார். மேலே எருவும் மண்ணும் கலந்து பரப்பினார். கன்றை நட்டேன்.

மழை தொடங்கிய இரண்டாவது வாரம் தரை தாழ்ந்தது. தொட்டியின் நீள்சதுரம் அப்படியே மேலே தெரிந்தது. உள்ளே கணுக்கால் அளவு சேறு. கன்றின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தேன், வேர் அழுகியிருந்தது.

மறுபடி ஹனூர்க்காரரைக் கூப்பிட்டேன். “நாத்து வுட்டுப்போடலாமுங்க்கா, ரெண்டு போகம் வெளையும்,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சுவர் அதிரும் என்றது பொய் என்று சொல்லி, உண்மையையும் சொன்னேன்.

“மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு டைல்ஸப் பேத்துக் குடுத்திருப்பனுங்க்கா. இப்பவும் குடுக்கறேன்.”

“வேண்டாம். உடைச்சிடுங்க.”

ஆறு இடங்களில் தோண்டித் தளத்தைத் துளைத்தார். மூன்றாவது துளையிலேயே சேற்றுநீர் சுழன்று இறங்கத் தொடங்கியது. ஜல்லி போட்டு, மண்ணை நிரப்பி, தரையை மட்டப்படுத்திவிட்டுப் போனார்.

அன்று மாலை கனத்த மழை. விட்டதும் போய்ப் பார்த்தேன். எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. மற்ற தரையைப் போலவே அதுவும் ஈரமாக, சமமாக இருந்தது. இனி எந்தக் கன்றை வைத்தாலும் பிழைக்கும்.

ஒரு ஓரத்திலாவது கொஞ்சம் தேங்கியிருக்கக் கூடாதா என்றிருந்தது.