சுரங்கத்து நீர் பாய்ந்த வயல்

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், கரமனை அக்ரஹாரத்தை விட்டு நானும் அவரும் கிழக்கே மலையடிவாரத்துக்குக் குடிபோனோம். பென்சிலுக்கு உதவும் கரிக்கல்லை வெட்டும் சுரங்கத்தில் அவருக்கு ஆபீஸ் வேலை. வீட்டுக்குப் பின்னால் குத்தகை வயல் கொஞ்சம்; வரப்போரம் நான் கீரை போட்டேன்.

மழை பிடித்ததும் சுரங்கத்தில் தேங்கிய நீரை வெளியே இறைத்தார்கள். அது எங்கள் வாய்க்காலில் இறங்கி, வயலெல்லாம் துருநிறச் சேறாகப் படிந்தது. நாற்று ஒரு சாணுக்கு மேல் எழவில்லை. இலை நுனி கருகியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக, காவி பூசினாற்போல் இருந்தது. நாகர் தோப்பான காவில் விளக்கு வைக்காததால் பாம்புக்குக் கோபம் என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. என் பயம் வேறு. நான் அப்போது கர்ப்பிணி. அந்தக் கீரையைத்தான் தினமும் சமைத்துச் சாப்பிட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

கரமனையை அடுத்த வலியசாலையில் இருந்த என் அண்ணா கல்லூரியில் ரசாயனம் கற்பித்துவந்தார். மண், கீரை, கிணற்று நீர் எல்லாவற்றையும் என் கணவர் அண்ணாவுக்கு மாட்டுவண்டியில் கொடுத்தனுப்பினார். பதில் வரும்வரை எனக்குச் சாதம் இறங்கவில்லை. கடைசியில் அண்ணாவே நேரில் வந்தார்.

"கல்லுக்குள்ள இரும்பும் கந்தகமும் இருக்கு. காத்தும் ஜலமும் பட்டா அது திராவகமா மாறிடறது. அதுல கரைஞ்ச உலோகந்தான் வேரைச் சுடறது" என்றார்.

"நான் அந்தக் கீரையைச் சாப்பிட்டேனே, அண்ணா."

"கீரையைச் சோதிச்சுப் பார்த்துட்டேன், விஷம்னு எதுவும் அதுல இல்லை. கிணறு மேட்டுல இருக்கு, ஜலமும் சுத்தம். நிம்மதியா இரு, கேட்டயா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவர் மெதுவாக, "எனக்கும் அதே பயந்தான். நீ மிரண்டுபோவியேன்னு சொல்லலை" என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

இவர் சுரங்கத்துத் துரையிடம் பேசி, நீரை வேறு பள்ளத்துக்குத் திருப்பவைத்தார். அண்ணா சொன்னபடி வயலில் சிப்பிச் சுண்ணாம்பைத் தூவி உழுதோம். பிரசவத்துக்குக் கரமனைக்குப் போனேன். பெண் குழந்தை, கொழுகொழுவென்று; அவள் அழுத சத்தம் தெருக்கோடிவரை கேட்டதாம். அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது வயலில் பயிர் முழங்கால் உயரம் நின்றது. வாய்க்கால் முகப்பில் ஒரு மூலையில் மட்டும் எத்தனை சுண்ணாம்பு போட்டும் எதுவும் முளைக்கவில்லை. அங்கே வைக்கோல் போர் போட்டுக்கொண்டோம்.