மூவருக்கும் முதலிடம்

எங்கள் அமெரிக்க ஊரான டகோமா பார்க்கில் நகர மன்றத் தேர்தலில் ஓட்டுப்போடக் குடியுரிமை வேண்டாம், குடியிருந்தால் போதும். இதைப் பக்கத்து வீட்டு எலிசெயோவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எல் சால்வதோர் நாட்டிலிருந்து வந்து வீடுகளுக்குக் கூரை போடுகிற மனுஷன். எவ்வளவு உயரமானாலும் அஞ்சாமல் ஏறுவார். ஆனால் வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல மட்டும் வராது.

எங்கள் வட்டத்தில் மூன்று பேர் போட்டி. மூவரும் அவர் வீடு தேடி வந்தார்கள். "என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று மூவருக்கும் வாக்குக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

"மூணு பொண்ணுக்குத் தாலி கட்டுறேன்னு சொன்ன மாப்பிள்ளை மாதிரி முழிக்கிறாரு பாருங்க" என்று அவர் மனைவி நொயெமி என்னிடம் சிரித்தாள்.

"வந்த ஊர்ல யாரையும் பகைச்சுக்கக் கூடாதும்மா" என்று அவளைச் சமாதானப்படுத்தினார் எலிசெயோ.

"வந்து இருபது வருஷமாச்சுய்யா! இன்னும் என்ன வந்த ஊரு?"

இங்கே பிடித்தவருக்கு முதலிடம், அடுத்தவருக்கு இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தித்தான் ஓட்டுப்போட வேண்டும். எலிசெயோவுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் ஓட்டு. இஸ்திரி போட்ட சட்டையோடு எங்களுடன் வாக்குச்சாவடிக்கு வந்து, மூவருக்கும் முதலிடம் போட்டுச் சீட்டை ஓட்டு எண்ணும் இயந்திரத்தில் செருகினார். இயந்திரம் திருப்பித் தள்ளியது.

"ஒருத்தருக்குத்தான் ஃபர்ஸ்ட், சார். இப்படிப் போட்டா உங்க ஓட்டு செல்லாது" என்று வாக்குச்சாவடி அம்மாள் புதுச் சீட்டைக் கொடுத்தாள்.

செல்லாது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. மறைப்புக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை.

"யோவ், அங்கேயே குடித்தனம் வெச்சுட்டியா?" என்று நொயெமி குரல் கொடுத்தாள். வரிசையே சிரித்தது. ஒருவழியாக வந்து சீட்டைச் செருகினார். இந்தத் தடவை இயந்திரம் வாங்கிக்கொண்டது.

வெளியே ஹார்லன் நின்றிருந்தார். மூவரில் ஒருவர், இப்போதைய மன்ற உறுப்பினரும் அவர்தான்.

"என்ன எலிசெயோ, நம்ம ஓட்டு விழுந்துச்சா?"

வழக்கம்போலத் தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லீங்க" என்றார் எலிசெயோ. "உங்களுக்கு ரெண்டாவதுதான் போட்டேன். போன வருஷம் எங்க தெருவுல தண்ணி நின்னப்ப நொயெமி உங்ககிட்ட வந்து சொன்னா. நீங்க எட்டிக்கூடப் பார்க்கல."

ஹார்லன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காலையிலேர்ந்து கேட்டவங்க எல்லாம் எனக்குத்தான் போட்டேன்னாங்க. நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொன்னீங்களே!"

"சிரிச்சது போதுங்க. நாளைக்கு வந்து எங்க தெருவைப் பாருங்க. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி."

எலிசெயோ ஒருவரை அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. நொயெமி முந்திக்கொண்டாள்.