கோட்டையில் ஒரு கட்டில்

1997 ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் வெக்கைக் காற்று கடல் தாண்டி வந்து பலெர்மோ முழுவதும் செந்தூசியைக் கொட்டிக்கொண்டிருந்தது. நகருக்கு வெளியே, கடலோரப் பாறையில் நிற்கும் பழைய கோட்டை ஹொட்டேலின் முன்வாசலில் நானும் மனைவி நேசமும் ஒரு பெட்டியோடு நின்றோம். எங்களைக் கண்டதுமே காவலாளி பின்பக்கத்தைக் காட்டினான். வேலைக்கு ஆள் எடுத்து முடிந்துவிட்டது, என்றாலும் சமையலறையில் கேட்டுப் பாருங்கள் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பின்வாசல் எனக்குப் புதிதல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு ஆண்டுகள் நான் அங்கே கோப்பை கழுவினேன். நேசம் மேல்மாடி அறைகளைத் துப்புரவு செய்தாள். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் நான் கிளாக்கர்; என் மேசைக்கு முன்னால் சனம் காத்து நின்றது. இங்கே முன்வாசலால் ஒருநாளும் உள்ளே போனதில்லை. பிறகு நேசம் லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா வீட்டு வேலைக்கு மாறினாள். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து, அந்த வேலையும் போன வாரம் நின்றுபோயிற்று. அவள் படுத்த கட்டிலை ஒரு நாளாவது வேறொருவர் விரிக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். வீண்செலவு என்று ஊரிலும் சொல்வீர்கள், இங்கேயும் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

இரவு தங்க வந்திருக்கிறோம் என்றேன். எந்தக் குடும்பத்தோடு என்று காவலாளி கேட்டான். நாங்கள்தான் குடும்பம் என்றேன். அவனுக்குப் பிடிபடவில்லை, ஆனாலும் வழிவிட்டான். உள்ளே மேசையிலிருந்த பெண் எங்கள் வதிவிட அனுமதிகளை, பெர்மெஸ்ஸோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடல் பார்த்த அறையின் திறப்பைத் தந்தாள்.

காலையில் நான் குளித்துவிட்டு வர, கட்டில் விரித்து முடிந்திருந்தது. நான்கு மூலையும் மடித்துச் செருகி, தலையணை தட்டி வைத்து, நேசம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேலை பார்க்கிறாய்? இண்டைக்கு நீ இஞ்சை விருந்தாளி."

"துப்புரவுக்கு வாற பிள்ளைக்கு ஒரு அறை குறையட்டுமப்பா. உங்களுக்கென்ன, கோப்பைதானே கழுவினனீங்கள். விரிப்பு இழுத்து நாரி முறிஞ்சது எனக்கெல்லே."

நான் விரிப்பை உருவினேன். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"விருந்தாளியெண்டால் எனக்கு விருப்பமானதைச் செய்யலாம்தானே?"

விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என் பக்கத்தை மட்டும் கசக்கி, தலையணையை நிலத்தில் எறிந்துவிட்டு வந்தேன். அவள் தடுக்கவில்லை. கதவடியில் திரும்பிப் பார்த்தேன். கட்டிலின் ஒரு பாதியில் யாரோ நன்றாக உருண்டு படுத்திருந்தார்கள். மறுபாதியில் யாரும் படுத்ததேயில்லை. இருவரும் முன்வாசலால் இறங்கினோம்.

அந்தப் பிள்ளைக்கென்று அவள் தன் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்த பத்தாயிரம், பஸ்ஸில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதையும் சேர்த்து அந்த ஒரு இரவுக்கு மூன்று இலட்சத்து ஐம்பதாயிரம் லீரா.