இருபத்திரண்டு புள்ளி நான்கு

தியாவ் ஷூயுனிடம் "வீடு குளிருது" என்று பொய் சொல்லித் தப்பித்தவர் சீனாவின் வடகோடி ஹார்பினில் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. பத்தொன்பது குளிர்காலமாக வீடு வீடாக ஏறி வெப்பம் அளந்தவள் அவள். நான் வால்வுக்காரன். பெயர் தெங். அவள் அளப்பாள், நான் குழாயைத் திருகுவேன். அவளோடு படியேறி ஏறியே என் முழங்கால் தேய்ந்தது.

அக்டோபரில் வீடுகளைச் சூடாக்கும் குழாய்களில் வெந்நீர் ஓடத் தொடங்கினால் ஏப்ரல் வரை நிற்காது. அதற்குள் எந்த வீடாவது பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால், வீட்டுக்காரர் கட்டிய பணத்தில் ஒரு பங்கை எங்கள் வெப்பக் கம்பெனி திருப்பித் தரவேண்டும். சட்டம் அப்படி. சட்டம் ஒன்று இருந்தால் மனுஷன் மூளை சும்மா இருக்குமா? நாங்கள் வருவது தெரிந்ததும் சன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு, கதவைத் திறக்கும்போது கோட்டை மாட்டிக்கொண்டு நடுங்குவார்கள். ஷூயுன் அவர்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். நேராகப் போய் மெத்தைக்கு அடியில் கையை விடுவாள். அறை ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்துவிடும், மெத்தைக்கு அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்ல வராது.

"ஏம்மா, மெத்தை இட்லிச் சட்டி மாதிரி கொதிக்குது, நீங்க என்ன கரடி வேஷம் போட்டிருக்கீங்க?" என்பாள். அங்கே இட்லி ஏது, அவள் சொன்னது ஆவியில் வேகும் மந்தோ ரொட்டிப் பாத்திரத்தை. நான் உங்களுக்காக மாற்றிச் சொல்கிறேன்.

அவள் கணவன் அவளை விட்டுப் போனபோது, "என் பேச்சையும் தெர்மாமீட்டர் வெச்சுத்தான் நம்புவா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். தான் தப்பு என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. தப்பு செய்ததும் குறைவு என்பது வேறு விஷயம்.

இந்தக் குளிர்காலம் எல்லாம் மாறியது. நிலக்கரிக் கொதிகலனை இடித்தார்கள். அந்த இடத்தில், நகரத்துச் சாக்கடை நீரிலிருந்து சூட்டைப் பிழிந்தெடுக்கும் இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அந்தப் பெட்டி வீட்டின் வெப்பத்தை அலுவலகக் கணினிக்குச் சொல்லும், கணினி படிக்கட்டுச் சுவருக்குள் இருக்கும் வால்வை வீட்டுக்கு வீடு தானாகத் திறந்து மூடும். இனி இருபது வருஷத்தில் உலகமே இப்படித்தான் என்று ஒரு இளம் இன்ஜினியர் படம் போட்டுக் காட்டினார். என் வேலை போச்சு என்று நினைத்தேன். ஷூயுனுக்கோ வாயெல்லாம் பல்.

"தெங் அண்ணே, இனிமே ஒரு பயலும் என்கிட்ட கதை விட முடியாது. திரையில நம்பர் நிக்கும்ல!"

அளக்கும் வேலை குறைந்ததால் அவளைப் போன்றவர்களை முறை வைத்துப் புகார் தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். ஒரு நாளில் நாற்பது அழைப்பு வரும். அவள் திரையைப் பார்த்து, எண்ணைச் சொல்லி, அடுத்ததற்குப் போய்விடுவாள். அவளைவிட வேகமாகப் புகாரை முடித்தவர் இல்லை என்று மேலாளர் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.

ஜனவரி நடுவில் ஒரு காலை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. நான்காம் கட்டடத்தில் எல்லா வீடும் இருபதுக்கு மேல். ஏழாம் மாடியில் 702 மட்டும் ஒன்பது டிகிரி. மூன்று நாளாக வால்வு முழுக்கத் திறந்திருந்தும் ஒன்பதைத் தாண்டவில்லை. குழாய் அடைத்திருக்கும் என்று எங்களை அனுப்பினார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஐந்தாம் மாடியிலேயே என் மூச்சு விசிலடித்தது.

கதவைத் திறந்தவர் குவான். மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர். கை இல்லாத பனியன், அரைக்கால் சட்டை, நெற்றியில் வியர்வை, கையில் ஐஸ் குச்சி. கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

"ஒன்பது டிகிரியில வேர்க்குதா தம்பி? காய்ச்சலா?" என்றாள் ஷூயுன்.

"ஹி ஹி... உடம்பு வாகு அப்படிக்கா."

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சுவரில் வெள்ளைப் பெட்டி. அதன்மேல் ஒரு வலைப்பை. பைக்குள் கரியாய்க் கறுத்து, கல்லாய் உறைந்த பேரிக்காய்கள். எங்கள் ஊரில் குளிர்காலத்துக்குப் பேரிக்காயை வெளியே வைத்து உறைய விட்டுத்தான் தின்போம். இவர் அதைத் தின்னாமல் பெட்டிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார். பெட்டி ஐயோ குளிருதே என்று கத்த, கணினி இரக்கப்பட்டு மூன்று நாளாக வெந்நீரைக் கொட்டியிருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"உருகினா மாத்துவியாக்கும்?"

"நாலு மணி நேரத்துக்கு ஒருதரம்க்கா. அலாரம் வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஷூயுனும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பையைக் கழற்றினாள். அபராதச் சீட்டு எழுத, வாசல் பக்கம் செருப்பு அலமாரிமேல் தாளை வைத்தாள். அலமாரிக்குள் செருப்புகளுக்கு நடுவே இன்னொரு வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கோடு.

அவள் பேனா நின்றது. "இது யாருது?"

"அதுவா? எதிர்வீடு, 701. பெட்டி மாட்டுற பசங்க வந்தப்ப அங்க யாரும் இல்ல. அந்தம்மா குளிர்காலம் பூரா ஹைனான் தீவுல கடற்கரையில. 'வந்தா குடுத்துருங்க அண்ணே'ன்னு என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க. அக்கம்பக்கத்துக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

ஷூயுன் கைபேசியில் 701 ஐத் தட்டினாள். 22.4 டிகிரி, பச்சை நிறம், வால்வு மூடியிருக்கிறது. அடியில் எதையோ இன்னும் படித்தாள். அவள் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

குவான் வீட்டு வாசலோரச் சூட்டில் கிடந்த பெட்டி, எதிர்வீடு சூடாக இருப்பதாகக் கணக்குக் கொடுத்திருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி. கணினியும் நம்பி எதிர்வீட்டு வால்வை மூடிவிட்டது. நான் படிக்கட்டுச் சுவரின் பலகையைத் திறந்து 701 இன் குழாயைத் தொட்டேன். கை ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. கையால் வால்வைத் திறந்துவிட்டேன். ஆனால் மேல் மாடி, வடக்கு மூலை. உறைந்த வீடு சூடாக அரை நாளாவது ஆகும்.

"ஆளில்லாத வீடுதானே, குழாய் வெடிக்காம இருந்தா சரி" என்றேன்.

அவள் 701 இன் கதவைத் தட்டினாள். சத்தமில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். "அதான் ஹைனான்னு சொன்னேனேக்கா" என்றார் குவான். அவள் விடுவிடுவென்று படியிறங்கினாள். ஏழு மாடி. நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் பனிக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடிவந்தாள். நாற்பத்தேழு வயதில் அப்படி ஓடுவாள் என்று நான் நினைத்ததில்லை.

"கண்ணாடி பூரா உள்பக்கம் பனி படிஞ்சிருக்கு. நடுவுல உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி விட்டிருக்காங்க. உள்ள ஆள் இருக்கு!"

மூவரும் கதவை இடித்தோம். "வெப்பக் கம்பெனி! கதவத் திறங்க!" என்று ஷூயுன் கத்தினாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், மெலிதாக, கதவுக்கு ஒட்டி வந்தது. "போயிடுங்க."

"திறம்மா. அளக்கணும்."

"அபராதம் போடத்தான வந்திருக்கீங்க? உங்க குரல் எனக்குத் தெரியும். நேத்து நீங்கதான் பேசுனீங்க. 'உங்க வீடு இருபத்திரெண்டு புள்ளி நாலு டிகிரி. பொய்ப் புகாருக்கு அபராதம் உண்டு'ன்னு சொன்னீங்க."

கைபேசியில் அவள் அடியில் படித்தது அந்தப் புகார்ப் பதிவைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஷூயுன் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை.

"முந்தாநாளும் கூப்பிட்டேன்" என்றது குரல். "அப்பவும் நீங்கதான். துணியப் போட்டுக்கிட்டு உக்காரச் சொன்னீங்க."

வாடகைக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறதாம். பெயர் லுவான் யூவே. கணவன் லாரி ஓட்டுகிறவன், பனியில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஹைனான் அம்மாள் கம்பெனிக்குத் தெரியாமல் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறாள். யாரோடும் பேச்சு வைக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதோடு, யூவே பிள்ளை பெற்றுப் பதினாறு நாள்தான் ஆகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வந்திருக்கிறாள். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வாசல் தாண்டமாட்டாள், காற்று படக்கூடாது.

"கைக்குழந்தையா?" குவானின் கையிலிருந்த ஐஸ் குச்சி நழுவியது.

"தங்கச்சி, குழந்தை எப்படி இருக்கு?" என்று ஷூயுன் கேட்டாள்.

"இப்பத்தான் தூங்குது. ராத்திரியெல்லாம் ஒரே அழுகை. விடிஞ்சதிலேர்ந்து அழுகையே இல்ல, பாலும் கேக்கல. நல்லாத் தூங்குது. கதவத் திறந்தா இருக்கற கொஞ்சச் சூடும் போயிடும். தயவுசெஞ்சு போயிடுங்க."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் குளிரில் அழுவது நல்லது. அழுகை நின்றால்தான் பயம். நான் ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசினேன். சமையல்கட்டில் எதையோ கவிழ்த்துவிட்டு குவான் ஒரு கடப்பாரையோடு வந்தார். ஆனால் அது இரும்புக் கதவு. உடைக்க அரைமணி ஆகும், அந்த அரைமணி எங்களிடம் இல்லை.

ஷூயுன் தரையில் மண்டியிட்டு, கதவின் கீழ் இடுக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"தங்கச்சி, உன் வீடு இருபத்திரெண்டு இல்ல. உன் பெட்டி எதிர்வீட்டுச் செருப்பு அலமாரியில கிடந்துச்சு. நான் அந்த வீட்டு நம்பரப் பாத்து உன்கிட்ட சொல்லியிருக்கேன். நீ சொன்னதுதான் நிஜம். நான் தப்பு. கேக்குதா? நான் தப்பு பண்ணிட்டேன். என்னைத் திட்டு, அடி, கம்பெனியில எழுதிக் குடு. குழந்தை தூங்கலம்மா. கதவத் திற."

பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

உள்ளே காலைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

வீட்டுக்குள் எங்கள் மூச்சு புகையாய்ப் போனது. அணைந்துபோன ஒரு மின் போர்வை, அதன்மேல் இரண்டு தடித்த பஞ்சுப் போர்வை, பக்கத்தில் வயர் கருகிய சின்ன அடுப்பு ஒன்று. யூவேயின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஷூயுன் தெர்மாமீட்டரை வெளியே எடுக்கவில்லை. குழந்தையைத் தூக்கினாள். துணிப்பொம்மை போலக் கை தொங்கியது. தன் கோட்டையும் சட்டையையும் பிரித்து, வெறும் மார்போடு அதை அணைத்து மூடிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். திருட்டுச் சூடோ என்னவோ, அந்த மாடியில் அது ஒன்றுதான் சூடான வீடு.

குவான் தன் மெத்தையை உதறிப்போட்டார். யூவேயை உட்காரவைத்துப் போர்த்தி, சர்க்கரை போட்ட வெந்நீர் கொடுத்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. "நான் என்ன பண்ணிட்டேன், நான் என்ன பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "வாய மூடு. அப்புறம் அழுதுக்கலாம்" என்றேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. முதலிலேயே அந்தப் பெட்டியைக் கையோடு எங்களிடம் கொடுத்திருந்தால் என்று நினைத்தேன். அப்புறம் நினைப்பதை விட்டேன்.

ஷூயுன் குழந்தையின் முதுகைத் தேய்க்கவில்லை. வெறுமனே அணைத்து, அதன் மூக்கில் கன்னத்தை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம். நான்கு நிமிஷம். ஒன்பது நிமிஷம். யூவே கண் இமைக்காமல் அவள் சட்டையையே பார்த்தாள். கீழே முற்றத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் வந்து நின்றது. படிகளில் காலடி கேட்டது. ஐந்தாம் மாடியில் அவர்கள் இருக்கும்போது, கோட்டுக்குள்ளிருந்து பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் உண்மையான அழுகை. யூவே முதலில் கேட்டது, "அழுதுச்சா? நிஜமா அழுதுச்சா?" என்றுதான்.

அடுத்த நாள் விசாரணை நடந்தது. பெட்டி மாட்டியவர்கள் மேல் பழியைப் போட்டு முடித்துவிடலாம் என்றார் மேலாளர். "நீ என்ன செய்வே, திரையில இருந்ததைத்தான படிச்சே." அவருக்கு அவளைக் காப்பாற்றவேண்டும் என்றுதான். ஷூயுன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு அழைப்புகளின் பதிவையும் எடுத்துவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் ஓடவிட்டாள். தன் குரலைத் தானே கேட்டாள். "துணியப் போட்டுக்கிட்டு உக்காருங்க" என்ற இடத்தில் அவள் தலை குனிந்தது. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். பெட்டிகளையும் சும்மா விடவில்லை, ஒவ்வொரு பெட்டியும் அந்தந்த வீட்டில்தான் இருக்கிறதா என்று எட்டு நாள் ஆயிரத்து நூறு வீடு ஏறி இறங்கினாள். நானும் ஏறினேன், முணுமுணுத்துக்கொண்டே.

அதற்கு நடுவே மூன்றாம் நாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுபோவது போல முப்பது முட்டையும் கருப்புச் சர்க்கரையும் வாங்கியிருந்தாள். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். யூவேதான் பார்த்தாள். குழந்தையின் போர்வையை ஓரமாக விலக்கினாள்.

"அக்கா, இங்க வாங்க. இவன் கையப் பிடிச்சுப் பாருங்க" என்றாள்.

ஷூயுன் போய், போர்வைக்குள் கைவிட்டு, அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள்.

"சூடா இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை டிகிரி?"

யூவே அதைக் கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். ஷூயுன் இன்னொரு கையைத் தெர்மாமீட்டர் இருந்த பைக்குக் கொண்டுபோய், வெறுமனே திருப்பி எடுத்தாள். குழந்தையின் கையை மட்டும் விடவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "சூடா இருக்கு. அவ்வளவுதான் தெரியுது."

சொல்லிவிட்டு, வார்டில் எல்லோரும் பார்க்க அழுதாள். நான் முட்டைப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.