பதினோராவது படி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாத மத்தியானம். நானும் மகளும் மும்பையில், தாதரில் ஒரு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தோம். எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. ஞாபகம் தடுமாறுகிறதோ என்று பயம். குடும்பத்தில் யாருக்காவது மறதி நோய் உண்டா, அதற்கான மரபணு வழிவழியாக வரலாம் என்று மருத்துவர் கேட்டார். "யாருக்கும் இல்லை" என்றேன்.

அப்பாவுக்கும் இருந்தது, அண்ணனுக்கும் இருந்தது. அப்பா, மகள் பிறக்கும் முன்பே போய்விட்டார். அண்ணனுக்குப் பக்கவாதம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம்; விஷயம் வெளியே தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்?

மருத்துவரைப் பார்த்து முடித்ததும் அவள் ஆபீசுக்குப் போய்விட்டாள். நான் தனியாகச் செம்பூர் வீட்டுக்குக் கிளம்பினேன். எதையும் எண்ணுவது என் பழக்கம். எங்கள் வீட்டுக்கு முப்பத்தாறு படிகள். அன்று எண்ணிக்கொண்டே ஏறினேன். பதினொன்றில் படி முடிந்துவிட்டது. சாவி பூட்டில் திரும்பவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் நாங்கள் விற்றுவிட்டுப் போன அறையின் வாசல். எப்படி அங்கே வந்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

அறையை எங்களிடம் வாங்கியவரின் மனைவி கதவைத் திறந்தார். அவர் திடுக்கிடவே இல்லை.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. சாவிய விட்டுத் திருவாதீங்க, பூட்டு போயிரும். உங்க அப்பாவும் இப்படித்தான் வந்து நிப்பாவ. பொறவு உங்க அண்ணன் வந்தாவ, ரெண்டு தடவ. நீங்க மூணாவது ஆளு."

அண்ணன் அங்கே போனது எனக்குத் தெரியாது.

அவரே என் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார். அவள் வந்ததும், டீ ஊற்றிக்கொண்டே அதே கதையை அவளிடமும் சொன்னார். மகள் என்னையே பார்த்தாள்.

"ஏம்ப்பா டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னீங்க? நாளைக்கு நானும் இப்படி எங்கேயாவது போய் நின்னா, ஏன்னு எனக்கே தெரியாதே."

மறுவாரம் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த மரபணு இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை, இல்லாவிட்டால் வராது என்றும் இல்லை, ஒருநாள் தடுமாறியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் அவர். சோதனைக்கு ரத்தம் கொடுக்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

ஆனால் அன்று அந்த அறையிலிருந்து கிளம்பிப் பாதிப் படி இறங்கிய மகள், திரும்ப மேலே ஏறிப்போய் அந்த அம்மாளிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் நான் மறுபடியும் அங்கே போய் நிற்பேன் என்று அவளே முடிவு கட்டிவிட்டாளே என்ற பயம் வருகிறது, கூடவே, நான் எங்கே போய் நின்றாலும் எனக்காக ஒருத்தி வருவாள் என்ற நிம்மதியும் வருகிறது.