சாமி மூலை வழியா வந்த சாலட்

எங்க ஊட்டுக்காரர் அடுப்படிக்குள்ள காலெடுத்து வெச்சாலே என்ன ஒடையப் போவுதோன்னு நான் பின்னாடியே போவேன். கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு டீ வெச்சதில்ல அந்த மனுசன். வெந்நி காய வெக்கச் சொன்னாக்கூட எந்தப் போசியிலன்னு கேப்பாரு. அப்படிப்பட்ட ஆளு ஒரு நாள் வந்து, "இனிமே ராத்திரிச் சாப்பாடு நான் பாத்துக்கறேன், நீ போயி வாசல்ல உக்காரு புள்ள"ன்னா, எந்தப் பொம்பள நம்புவா?

சங்கதி என்னன்னா, எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. மொளகுக் கொடி தெரியும், அதுல காய் பழுத்துதா இல்லியான்னு தெரியாது. எதுக்க வர்றது மாடா மனுசனான்னு கிட்ட வந்தாத்தான் புரியும். மலையிலிருந்து பஸ் புடிச்சுக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேசன் பண்ணுனா நல்லாத் தெரியும்னாரு டாக்டரு. ஆனா ஒடம்புல சக்கரை ஏறிக் கெடக்குது, அது எறங்குனாத்தான் கண்ணுல கை வெப்பேன்னுட்டாரு. எறங்கலீன்னா ஆயுசுக்கும் செவுத்தத் தடவிக்கிட்டே நடக்க வேண்டியதுதான்.

எங்க மலை ஆஸ்பத்திரி நர்சம்மா கீழ்நாட்டுப் பொண்ணு. சாப்பாட்டுக்கு அதுதான் வழி சொல்லிச்சு. ராத்திரிக்குச் சோறு கூடாது, களி கூடாது, குச்சிக்கிழங்கு பக்கமே போகக் கூடாது. அதுக்குப் பதிலா ஒரு வட்டல் நெறைய சாலட். வேக வெச்ச மொச்சை, மொளகட்டுன பாசிப்பயிறு, வெள்ளரிக்காய், தக்காளி, கேரட்டு, அவிச்ச முட்டை, வறுத்த நெலக்கடலை, எல்லாத்தையும் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு மொளகு தட்டிப் போட்டுக் கெளறணும். "அதுவே முழுச் சாப்பாடும்மா, வயிறு கும்முனு இருக்கும்"னு சொல்லிச்சு. சக்கரை, வெல்லம், வாழப்பழம், பலாப்பழம் ஒண்ணையும் தொடாதீங்கன்னும் சொல்லிச்சு.

பச்சையாத் தின்ன நான் என்ன ஆடான்னு எனக்குக் கோவம். ஆனா கண்ணு வேணுமில்ல. மொத நாள் நானே அருவாமனை முன்னாடி உக்காந்தேன். வெள்ளரிக்காய்னு நெனச்சு வெரலக் குடுக்கப் போனேன். அதப் பாத்துட்டுத்தான் இவரு அருவாமனைய எடுத்துப் பரண் மேல வெச்சுட்டு, கத்தியக் கையில எடுத்தாரு.

அன்னையிலிருந்து பொழுது எறங்குனா எனக்கு வாசல்தான். கண்ணு போனவளுக்குக் காது பெருசாயிரும் போல. உள்ள நடக்கறது ஒவ்வொண்ணையும் கேட்டுக்கிட்டே இருப்பேன். குக்கர் விசில் வரும். டொக்கு டொக்குன்னு கத்தி போவும். திடீர்னு நின்னுரும், தண்ணி ஊத்தற சத்தம் கேக்கும்.

"என்னங்க பண்றீங்க?"

"காய் கழுவறேன்."

வெட்டிக்கிட்டு இருக்கற காய எதுக்கு மறுபடி கழுவணும்? இன்னொண்ணும் இருக்குது. எல்லாம் முடிஞ்சதும் அடுப்படியிலிருந்து சாமி மூலைக்குப் போவாரு. அங்க கொஞ்ச நேரம் நிப்பாரு. அப்பறம்தான் வட்டல் என் கைக்கு வரும். பண்டிகை நோம்பிக்கே சாமி கும்புடச் சொல்லி நான் கெஞ்சணும். அந்த ஆளுக்குத் தெனமும் என்ன பக்தி?

சரி, வட்டல்ல இருக்கறதத் தின்னு பாத்தா, நல்லா இருந்துச்சு. அதுதான் எனக்குப் பொறுக்கல. மொச்சை பதமா வெந்திருக்கும், கடலை கறுக்குமுறுக்குனு கடிபடும், எலுமிச்சம்பழமும் மொளகும் சுருக்குனு ஏறும். அதுக்குப் பின்னாடி நாக்கு அடியில ஒரு இனிப்பு.

"ஏனுங்க, இனிக்குதே?"

"கேரட்டு இனிக்காம?"

பொய் சொல்றாருன்னு அந்தக் கொரல்லயே தெரிஞ்சுது. கேரட்டு என்னன்னு எனக்குத் தெரியாதா? வெல்ல டப்பாவ எடுத்து மொளகு மூட்டைக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். மறுநாளும் இனிச்சுது. குப்பையக் கெளறி வாழப்பழத் தோலு இருக்குதான்னு தடவிப் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல. ஒரு வேள புரையோட சேந்து நாக்கும் கெட்டுப் போச்சோன்னு எம் மேலயே சந்தேகம் வந்துருச்சு.

சோதிக்கற நாள் வந்துச்சு. நர்சம்மா வெரல்ல குத்தி ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, போன தடவைய விட ஏறியிருக்குதுன்னு சொல்லிச்சு. "ஏம்மா, திருட்டுத்தனமா என்ன சாப்பிட்டீங்க?"ன்னு எல்லாரும் இருக்கறப்பவே கேட்டுருச்சு. எனக்கு மானம் போச்சு. வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடந்தவளுக்குத் திருட்டுப் பட்டம். பக்கத்துல இந்த மனுசன் நிக்கறாரு. அவ ஒண்ணும் திங்கலீங்கன்னு ஒரு வார்த்த சொல்லணுமில்ல? சொல்லல. செருமுனாரு, அவ்வளவுதான். அந்தச் செருமல்லயே எனக்குப் பாதி வெளங்கிருச்சு.

அன்னிக்குச் சாயந்தரம் நான் வாசல்ல உக்காரல. சாமி மூலையில, தூணுக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டேன். கத்திச் சத்தம் ஓஞ்சுது. காலடி வந்துச்சு. கும்புடற ஆளு மூச்சு விடற மாதிரி இல்ல. மூடி திருகற சத்தம். அப்பறம் வாசம் வந்துச்சு பாருங்க, மலைத்தேன் வாசம். நோம்பிக்குத் தெனை மாவுல பெசையறதுக்குச் சாமிக்கு முன்னாடி வெச்சிருந்த பாட்டலு. ஊடெல்லாம் தடவுன நான் சாமிகிட்ட மட்டும் தடவல.

எட்டிக் கையப் புடிச்சேன். வட்டலு ஆடிச்சு.

"தேனா ஊத்துனீங்க? தெனமுமா?"

"தேன் மருந்து புள்ள. அது எப்படிச் சக்கரையாவும்?"

இந்த மலையில யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. பொறந்த புள்ள நாக்குல தேன். இருமலுக்குத் தேன். தீப்புண்ணுக்குத் தேன். இனிப்புங்கற கணக்குல அத யாரும் சேத்ததேயில்ல. நர்சம்மா சொன்னதுலயும் தேனுங்கற பேரு வரல. ஆனா மருந்துன்னா எங்கிட்டச் சொல்லிட்டே ஊத்தியிருக்கலாமில்ல? கேரட்டுன்னு எதுக்குப் பொய்?

"சக்கரை எறங்கக் கூடாதுன்னு பண்ணுனீங்களா? நான் குருடியாவே கெடக்கணுமா?"

அவரு வட்டலக் கீழ வெச்சாரு.

"தேன் சாப்பிட்டாப் புரை தானாக் கரையும்னு சந்தையில சொன்னாங்க. கரைஞ்சுட்டா ஆபரேசன் வேண்டாமில்ல. கண்ணுல கத்தி வெக்கறாங்க புள்ள. கை தவறிப் போச்சுன்னா என்ன பண்றது?"

காட்டுப் பன்னிய ஒத்தையில நின்னு வெரட்டுற மனுசன். டாக்டரு கத்திக்குப் பயப்படறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தேன அவரு தலையிலயே ஊத்தியிருக்கணும். ஊத்த முடியல. "கத்திக்கு நான் பயப்படல, உங்களுக்கு என்ன வந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டேன். பயந்தேன்தான். சொல்லல.

அதுக்கப்பறம் வந்த சாலட்டு இருக்குதே, வாயில வெக்க முடியல. தேன் இல்லாம அந்த மொளகட்டுன பயிறு வெறும் பச்சை வாடை. ஒவ்வொரு நாளும் மோந்து பாத்துட்டுத்தான் வட்டல வாங்குவேன். அவரும் களி வேண்டாம்னு எங்கூட அதையே தின்னாரு. மொகத்தச் சுளிச்சாரான்னு எனக்குத் தெரியாது, மெல்லற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

சக்கரை எறங்குச்சு. நர்சம்மாகிட்ட தேன் கதையச் சொன்னேன், சிரிச்சுச்சு, திருட்டுன்னு சொன்னதுக்கு மன்னிப்பும் கேட்டுச்சு. கீழ போயி மொதல்ல வலது கண்ணுக்கு ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்தோம். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல, வளைவுக்கு வளைவு என் தலையத் தோளோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டே வந்தாரு.

கட்டுப் பிரிச்சதுக்கப்பறம் ஒரு சாயந்தரம், அடுப்படி வாசப்படியில உக்காந்து அவரு வெள்ளரிக்காய் வெட்டறதப் பாத்தேன். இடது கை வெரலு பூராவும் கீறலு. ஆறுனது, பாதி ஆறுனது, நேத்து வெட்டுனது. ஒரு வெரல்ல நகமே பாதிதான் இருந்துச்சு. காய் கழுவறேன்னு சொன்னது என்னன்னு அப்பத்தான் வெளங்குச்சு. வெட்டுப்பட்ட கையில தெனமும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கற மனுசன்.

"எரியலீங்களா?"

"எரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்தியப் புடுங்கிக்குவ. அப்ப உனக்குக் கண்ணு தெரியாது."

புடுங்கிக்கிட்டேன். மீதிக் காய நானே நறுக்குனேன், எலுமிச்சம்பழத்தையும் நானே பிழிஞ்சேன். அவரு கையத் தொடச்சுட்டு எந்திரிச்சு சாமி மூலைப் பக்கம் போனாரு. எனக்கு மறுபடியும் சுருக்குன்னுச்சு.

"எங்கீங்க போறீங்க?"

"கும்புட."

நம்பல. வட்டலக் கீழ வெச்சுட்டு மெதுவாப் போயி எட்டிப் பாத்தேன். பாட்டலு வெச்ச எடத்துல அப்படியே இருந்துச்சு. அவரு கண்ண மூடிக் கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டுத்தான் நின்னாரு.